ரோஸ்லின் அக்கா எனக்கென்று சுட்ட ரொட்டி

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஜெனரல் ஷிஃப்டுக்காக பைக்கை வெளியே எடுத்த என் கணவர், பால் ஊற்ற வந்த அஞ்சலை. கணவரின் போன் அடித்தது. பேசி முடித்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "எதிர் வீட்டு ரோஸ்லின் அம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்களாம்" என்றார்.

அஞ்சலை பால் கேனை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, "ஐயோ, எங்கம்மா" என்று அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கான உரிமை அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றி நம் குடியிருப்பு பிளாக் போடும் மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள் நான். பக்திப் புத்தகங்களைப் படித்துத்தான் எழுத்து பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்கு நல்ல தோழி என்று நினைத்து என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். கணவருக்கு மைன்ஸில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர். டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டு ஜன்னலிலிருந்து வாழைப்பழமும் ஏலக்காயும் வேகும் வாசனை நம் தெரு முழுக்க வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் ரொட்டி இல்லை அது. கனிந்த பழத்தை மசித்து, மாவும் சோடாவும் கலந்து உடனே ஓவனில் வைப்பது. "கலக்கினதும் உள்ள போயிடணும். சோடா நமக்காகக் காத்திருக்காது" என்பார்.

முதல் வருஷம் எனக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்தபோதே சொல்லிவிட்டார்: "ராஜி, உனக்குன்னு முட்டை போடாம தயிர் ஊத்திச் செஞ்சது. பயப்படாம சாப்பிடு." நான் மாதப் பூசம் தவறாமல் வடலூர் போகிறவள். முட்டை எங்கள் வாசலைத் தாண்டி வந்ததில்லை. முட்டை போடாமல் இவ்வளவு மெத்தென்று வருமா? போடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அதே டின், அதே கரண்டிதானே? சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கி வைத்து, மறுநாள் அஞ்சலையிடம் கொடுத்துவிட்டேன். "எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டபோது, "பிரமாதம்க்கா" என்றேன்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுவார். "முழுசா ஆறின பிறகுதான் சுத்தியிருக்கேன். சூட்டோட மூடினா வேர்த்துப் பூசணம் பூத்துடும். சுட்ட அன்னிக்கு வாசனைதான், மறுநாள்தான் ருசி." நான் தலையாட்டுவேன். பண்டிகைக்கு யார் வீட்டிலிருந்து என்ன வந்தது, அது என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். எடுத்துப் பார்த்தேன். பதினோரு டிசம்பரிலும் என் கையெழுத்தில் ஒரே வரி: "ரோஸ்லின் அக்கா, ரொட்டி, அஞ்சலைக்கு."

நடுவில் ஒரு வருஷம் பிடிபட்டேன். அஞ்சலை என் வாசலில் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டைத் திறந்து வந்துவிட்டார்.

"வாங்கம்மா. இந்தம்மா வருஷா வருஷம் குடுக்கறாங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போனா புள்ளைங்க பிடுங்கிக்கும், அதான் இங்கயே ஒரு வாய்."

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப என் கஸ்டமர் நீதானா? இனிப்பு சரியா இருக்கா, சொல்லு."

"இன்னும் கொஞ்சம் தூக்கலா போட்டா தேவலாம்மா."

"சரிதான், நாக்கு நீளம்டி உனக்கு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த டிசம்பரில் இரண்டு ரொட்டி வந்தன. ஒன்றின் மேல் அஞ்சலை பேர், இன்னொன்றின் மேல் என் பேர். "அவளுக்கு இனிப்பு தூக்கல். உனக்கு எப்பவும் போல" என்று மட்டும் சொன்னார். அப்போதாவது நான் ஒரு துண்டு தின்றிருக்கலாம். இரண்டையும் அஞ்சலையிடமே கொடுத்தேன். வடலூரில் பசித்தவர்களுக்குப் பரிமாறிவிட்டு வந்த அதே கையால் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்காவின் மகள் ஜெனி வந்தாள். பண்டிகைக்கென்று அக்கா முன்கூட்டியே சுட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தவற்றில் என் பேர் போட்டதை எடுத்து வந்திருந்தாள். சுற்றிய காகிதத்தைப் பிரிக்காமலே குளிர் விட வைத்திருந்தாள். பிரித்து வைத்தால் ஈரம் ரொட்டியில் இறங்கிவிடும் என்று அம்மா சொல்லிக் கொடுத்ததாம்.

"ஆன்ட்டி, உங்களுக்குன்னு தனி டின், தனி கரண்டி. அம்மா காலையில குளிச்சிட்டு முதல்ல உங்களோடதைத்தான் வைப்பாங்க. அது வெந்து வெளிய வந்த பிறகுதான் முட்டையை ஃப்ரிட்ஜ்லருந்தே எடுப்பாங்க. 'ராஜி மனசுல ஒரு நெருடல் வரக்கூடாது'ம்பாங்க."

பெற்ற மகளிடம்கூட அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜெனி ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். "அம்மா கையால கடைசி. சொல்லுங்க ஆன்ட்டி, எப்பவும் போல இருக்கா?"

முதன்முதலாக வாயில் வைத்தேன். பழத்தின் இனிப்பும் தயிரின் லேசான புளிப்பும் தெரிந்தன. எப்பவும் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? "ஆமாம்மா, அதே ருசி" என்றேன். துக்க வீட்டுப் பிள்ளையிடமும் பொய்.

"அப்ப இந்த கிறிஸ்துமஸுக்கு நான் சுட்டு எடுத்துட்டு வரேன். அம்மா பக்குவம் வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு துண்டின் ருசியும், நான் செய்ததைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கென்று முதலில் பற்றவைத்த அந்த அடுப்பும்தான். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர் இப்போது இல்லை. அதனால் மகளிடம் கேட்கிறேன், உங்கள் எல்லோர் முன்னாலும்.

ஜெனி, உன் அம்மாவின் பக்குவம் தெரிந்தவள் அஞ்சலை. அவளிடம் முதலில் கொடுத்துக் கேள். இதைப் படித்த பிறகும் எனக்கு ஒரு ரொட்டி கொண்டுவர உனக்கு மனம் வருமா? வந்தால் உன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். வராவிட்டாலும் உன்மேல் தப்பில்லை. எதுவானாலும் பண்டிகைக்கு முன்னால் ஒரு பதில் சொல்லிவிடு.