பொம்மைக்கு வெட்டிய மஞ்சள் சட்டை

இலவம் பஞ்சு பறந்தால் மூக்கு அரிக்கும், கண் எரியும், தலைமுடியெல்லாம் வெள்ளையாகும்... மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது நாங்கள் எல்லோரும் கிழவிகள்தான்.

மீள்குடியேறிய புதிது. புதுக்குடியிருப்பில் ஒரு தகரக் கொட்டிலில் துணிப்பொம்மை செய்வதுதான் என் முதல் வேலை. பழைய உடுப்புகளை வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைப்போம். கறுப்புக் கம்பளி நூலில் பின்னல், பொத்தானில் கண், சிவப்பு நூலில் வாய்...

முகம் தைப்பது என் பக்கத்தில் இருந்த நவமணி அக்கா. அவர் தைத்தால் ஒன்றுக்குக் கள்ளச் சிரிப்பு வரும், இன்னொன்று நித்திரை தூங்கும்.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிந்து போனவர்கள். தங்கச்சியும் கைக்குழந்தையும் ஷெல்லில் போய்விட்டார்கள் என்று ஆரோ வந்து சொல்லியிருந்தார்கள். அக்கா அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

ஒரு காலை, எங்கள் பொறுப்பாளர் ஜெயா அக்கா வீடு வீடாகப் புதிதாகச் சேர்த்து வந்த உடுப்பு மூட்டையை அவிழ்த்தார். என் கைக்கு வந்தது ஒரு மஞ்சள் சட்டை. குழந்தைச் சட்டை. கழுத்தடியில் நூலால் ஒரு மாங்காய் தைத்திருந்தது. சட்டையின் ஒரு கையை வெட்டிவிட்டேன்.

"வெட்டாத."

நவமணி அக்கா சட்டையை என்னிடமிருந்து வாங்கினார். மாங்காயின் இலையை விரலால் தடவினார். இலை ஊதா நிறம்.

"பச்சை நூல் முடிஞ்சு போச்சு. அதால ஊதாவில போட்டனான்" என்றார். "இது நான் தைச்சது. என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு."

செத்த பிள்ளையின் சட்டையையா வெட்டினேன்...

"எங்க வாங்கினனீங்கள்?" என்று நவமணி அக்கா கேட்டார்.

"வற்றாப்பளையில, கோயிலுக்குப் போற வழியில ஒரு வீட்டில" என்றார் ஜெயா அக்கா. "பிள்ளைக்குச் சின்னனாப் போச்சுதாம். அதால தந்தவா."

கொட்டிலில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"என்ன சொன்னனீங்கள்? திரும்பச் சொல்லுங்கோ" என்றார் நவமணி அக்கா.

"பிள்ளை வளர்ந்திட்டுதாம்..." ஜெயா அக்காவுக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

நவமணி அக்கா அழவில்லை. செருப்பும் போடாமல் ரோட்டில் இறங்கி நடக்கத் தொடங்கினார். நானும் ஜெயா அக்காவும் பின்னால் ஓடிப்போய்த்தான் அவரை பஸ்ஸில் ஏற்றினோம்.

"சட்டையை வேற ஆரும் எடுத்துத் தங்கட பிள்ளைக்குப் போட்டிருப்பினமோ?"

வழியில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பெண் குனிந்து பானை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அக்கா... நீ செத்திட்டாய் எண்டு சொன்னவை."

"உன்னைத்தானடி அப்பிடிச் சொன்னவை."

"நான் உனக்குத் திவசம் குடுத்தனான், அக்கா."

வாசலில் ஒரு சின்னப் பெண் பாண் துண்டைக் கடித்தபடி நின்று எங்களைப் பார்த்தாள்.

இப்போது நான் வவுனியாவில். கடைகளில் அழுத்தினால் பாடும் பொம்மைகள்... எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

போன மாதம் நவமணி அக்காவைப் பார்க்கப் போனேன். சகோதரிகள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. எல்லையில் நிற்கும் தென்னையால் சண்டை. கதை பேச்சு இல்லையாம். அந்தச் சின்னப் பெண் இப்போது குமரி. அவள்தான் இரண்டு குசினிக்கும் கறி கொண்டு திரிகிறாள்.

"தேங்காய் விழுந்தது என்ர பக்கம். அவளுக்கு என்ன கதை?" என்றார் நவமணி அக்கா, வேலிக்கு அங்கால கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி.

நான் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன்.

அந்தப் பக்கமிருந்து பதில் உடனே வந்தது.