இரண்டு பட்டம் குறைவாக

மூன்று வயதில் நான் சூட்டிகையான பிள்ளை. பத்து வயதில் கெட்டிக்காரி. அன்னூரிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போன காலத்தில் படிப்பாளி. எம்.எஸ்சி. முடித்ததும் மேதாவி என்றார்கள். எம்.ஃபில்லும் முடித்த பிறகு எல்லாச் சொல்லும் தீர்ந்துபோய், "ரொம்பப் படிச்சுபோட்ட புள்ளைங்க" என்று ஒன்று மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரில் வசவுக்கும் மரியாதை உண்டு. கடைசியில் ஒரு 'ங்க' சேர்ந்துவிட்டால் வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லாமல் நகர முடியாது.

இந்தப் படிப்பின் பொருட்டு நான் செய்த காரியம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. வாழை இலையில் புள்ளி விழும் நோய்தான் என் ஆராய்ச்சி. எங்கள் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் புள்ளி விழுந்த இலைகளாகப் பார்த்துக் கிழித்துவந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மெத்தைக்கு அடியில் அழுத்திவைப்பேன். "நோவு வந்த எலைய அறுத்துத் தீ வெப்பாங்க. நீ ஊட்டுக்குள்ள கொண்டாந்து படுக்க வெக்கற" என்பார் அப்பா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் தோட்டத்தில் எந்த மூலையில் புதிதாகப் புள்ளி விழுந்திருக்கிறது என்று சாப்பிடும்போது தானாகவே சொல்லுவார். எதற்குச் சொல்கிறார் என்று நானும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் எனக்குப் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தது. ஜூன் மாதத்துக்குள் சேர வேண்டும். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "கல்யாணத்துக்குப் பொறவு அவங்க படிக்க வெச்சா படி." அந்த 'அவங்க' யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. என் மூன்று வருடத்தை முகம் தெரியாத ஒருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மேதாவிகள் ஆத்திரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள், நானும் எழுதினேன்.

அந்த 'அவங்க'ளைத் தேடும் பொறுப்பை அப்பாவின் அக்கா, என் அத்தை, எடுத்துக்கொண்டார். பெண்ணைவிட மாப்பிள்ளை ஒரு படியாவது கூடப் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எம்.ஃபில்லுக்கு மேல் படித்த பையனை எங்கே போய்ப் பிடிப்பது? அத்தை சுலபமான வழி கண்டுபிடித்தார். ஜாதக நகலில் என் பெயருக்குக் கீழே 'பி.எஸ்சி.' என்று மட்டும் எழுதச் சொன்னார். என் ஆறு வருட உழைப்பில் பின்பாதி அப்படியே காணாமல் போனது. அப்பாவும் தலையாட்டினார். "ஆரு கேட்டாலும் பி.எஸ்சி.தான். வாய உட்டராதீங்க" என்று எங்கள் எல்லோருக்கும் கட்டளை போட்டவரும் அவரேதான்.

தாராபுரத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பி.இ. நிலம், தென்னை, வாழை எல்லாம் உண்டு. அவர்கள் வந்த அன்று காலையில் அத்தை என் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த இலைகளை மொத்தமாக அள்ளி மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றினார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெறும் பி.எஸ்சி.யாகக் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேச்சு மழையில் ஆரம்பித்து வெள்ளாமைக்கு வந்தது. பையனின் அப்பா, "வாழையில இந்த வருசம் எலை பூராம் புள்ளிங்க" என்றார். "வேற ஆருக்கும் புரியலீங்க. எம்பையன்தான் பாத்த ஒடனே சொல்லிப்போட்டான், இது தண்ணி பத்தாத நோவுன்னு. ரண்டு பங்கு தண்ணி உட்டுக்கிட்டிருக்கோமுங்க. சின்ன வயசுல இருந்தே அவன் மூளைக்காரனுங்க."

மூளைக்காரர் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார். அது பூஞ்சாணத்தால் வரும் நோய். ஈரம் கூடினால் இன்னும் பரவும். தாராபுரத்தில் ஒரு தோட்டமே நாசமாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்த நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தை என் முழங்காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அது தண்ணி பத்தாத நோவு இல்லீங்க. பூஞ்சாணமுங்க. தண்ணி உட உட ஏறுமுங்க."

"அப்படிங்களா? ஆருங்க சொன்னது?"

"எம்புள்ளைதானுங்க. அதைத்தானுங்க அது படிக்கிது. எம்.எஸ்சி., எம்.ஃபில்." கொஞ்சம் நிறுத்தினார். போன மானம் போனதுதான் என்று முடிவு செய்தவர்போல, "பிஎச்.டி.க்கும் கூப்புட்டிருக்கறாங்க" என்று அதையும் சேர்த்துவிட்டார்.

அத்தையின் கை என் முழங்காலைவிட்டுத் தானாக விலகியது. வந்தவர்கள் மிச்சக் காபியைக் குடித்தார்கள். பலகாரம் நன்றாக இருந்தது என்றார்கள். "போயிட்டு வாரோமுங்க" என்று எல்லோரையும் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நம்பிக்கை வைத்திருக்கலாம்.

நான்காம் நாள் அத்தை வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தாக்கல் வந்துருச்சு தம்பி. பொண்ணு ரொம்ப அறிவுங்க, அத்தன அறிவு எங்க ஊட்டுக்குத் தாங்காதுங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னொன்னும் கேட்டாங்க." அத்தைக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "அந்தப் புள்ளி நோவுக்கு என்ன மருந்து அடிக்கறதுன்னு பொண்ணுகிட்டக் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மருந்தாவது மண்ணாவது, எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து மறுத்தது அதுதான் முதல் தடவை.

"எழுது கண்ணு" என்றார் அப்பா. "வாழ என்ன பண்ணுச்சு?"

என் நோட்டிலிருந்து அவரே ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தண்ணீரைக் குறைக்க வேண்டும், புள்ளி விழுந்த இலைகளை அறுத்து எரிக்க வேண்டும், இன்ன பூஞ்சாணக் கொல்லியை இப்படி இப்படி அடிக்க வேண்டும் என்று எழுதி நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

"கீழ கையெழுத்துப் போடு."

போட்டேன்.

"பேருக்குப் பின்னால படிச்சதையெல்லாம் போடு. ஒண்ணையும் உட்டராத."

பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில். என்று வரிசையாக எழுதினேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஓரத்துல முட்ட எழுதிப்போட்டியே அம்மணி. இன்னொன்னு எழுத எடம் வேணுமல்லொ? வேற தாள்ல எழுது."