வாய் பிளந்த குருவி யாருடையது?

பரீட்சைக்கு மார்க் போட வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் தன் தோல்பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து மேஜைமேல் விரித்தார். தண்ணீர்ச் சொம்போடு நான் ஓரத்தில் நின்றிருந்தேன்.

அவருக்கு முன்னால் நின்ற பையனின் முகம் வெளுத்துவிட்டது. மேஜையில் அவன் நெய்த கரை ஒரு முழம். பக்கத்தில் கடைப் புடவை. இரண்டிலும் ஒரே கம்பங்கதிர், அதே குருவி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன். பிறகு நேராகக் காலேஜில் நுழைந்துவிட்டேன். நெசவு காலேஜ், தறி அட்டெண்டர் வேலை. நடுவில் இருக்கிற வகுப்புகளையெல்லாம் தாண்டிக் குதித்தவன் காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்திலேயே நான் ஒருத்தன்தான். எழுபதுகளின் தொடக்கம் அது.

சொந்த டிசைன்

பையன்கள் கிராஃப் ஷீட்டில் டிசைன் வரைவார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்ட் பெட்டியில் மாட்டுவது என் வேலை. ஓட்டை சொல்கிறபடி இழை எழும்பும். இழை எழும்பினால் பூ விழும். இவ்வளவுதான் என் படிப்பு.

கடைசி வருஷப் பையன் ஒவ்வொருவனும் ஒரு கரை டிசைன் செய்து நெய்து காட்ட வேண்டும். அதற்குத்தான் பெரிய மார்க். வகுப்பு தொடங்கிய அன்றைக்கே மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"டிசைன் சொந்தமா இருக்கணும். எதையாவது பாத்து வரைஞ்சா, எங்க பாத்தேன்னு ஷீட்டு ஓரத்துல எழுதிடு. எழுதலன்னா அது திருட்டு. பேரை அடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறியில் நல்ல கரை விழுந்தால், தீப்பெட்டி கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பக்கத்து வீட்டிலும் அதையே நெய்வார்கள். திருட்டு என்று யாரும் சண்டை போட்டதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்டால் போலீசா வரும்?

மேஜைக்கு முன்னால் நின்றானே, அந்தப் பையன்தான் அப்பாண்டைராஜ். மாகறல் பக்கத்துச் சமணக் குடும்பம். அப்பாவுக்கு விவசாயம். பட்டு என்றால் கல்யாணத்தில் மட்டும் பார்த்த வீடு. அவன் கிராஃப் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டியதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இன்னாபா இது, கம்பங்கதிரு? பட்டுல எவனாவது கம்பு போடுவானா? மயிலு போடு, அன்னம் போடு. மாப்ள ஊட்டுக்காரன் கூழு ஊத்தற புடவையான்னு கேக்கப் போறான்!"

"மயிலை நான் பாத்ததே இல்ல, அண்ணே. குருவிய தினம் தகரம் தட்டி ஓட்டிக்கினு இருந்தேன். ஓட்ட ஓட்ட திரும்பி வந்து கொத்தும்."

கதிர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குருவி அதன் கழுத்தில் தொற்றிக்கொண்டு, மூடிய மூக்கால் மணியைக் குத்தும். சிரித்துவிட்டேனே தவிர, கண்ணை எடுக்க முடியவில்லை.

என் கைவேலை

அவன் அட்டைகளை நான் கோத்தேன். பேசிக்கொண்டே கோத்தேன். வாய் ஓடினால் என் கை அதன் பின்னால் ஓடும். ஒரு அட்டையைத் திருப்பிக் கோத்துவிட்டேன். டிரையலுக்காக வெறும் நூலில் ஒரு துண்டு நெய்து பார்த்தால், எல்லாக் குருவிக்கும் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது.

"அண்ணே, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? குருவி வாயைப் பொளந்துக்கினு இருக்குது."

"உன் குருவி கம்பு துன்னுது. என் குருவி பேசுது. வாத்தியாரு மாதிரின்னு வச்சுக்கோயேன்."

மாஸ்டர் நாலு பேருக்கு முன்னால் என்னைத் திட்டினார். அட்டையைப் பிரித்துச் சரியாகக் கோத்துக் கொடுத்தேன். டிரையல் துண்டை அறுத்துக் கீழே போட்டோம்.

அன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தது என் மச்சான் ஏகாம்பரம், என் சம்சாரத்தின் தம்பி. எங்கள் தெருத் தறிகளுக்கு அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்பது அவன் தொழில். டிபன் கேரியர் மூடி லொடலொடவென்று ஆடியது. கீழே கிடந்த துண்டை எடுத்து இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

பட்டு நூல் வரத் தாமதமாகிவிட்டது. பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பாண்டைராஜ் பட்டும் ஜரிகையுமாக மெயின் பீஸை நெய்து முடித்தான்.

மேஜைமேல் இரண்டு குருவி

எக்ஸ்டர்னல் மெட்ராஸிலிருந்து வந்தவர். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் சம்சாரத்துக்குப் புடவை எடுத்திருக்கிறார். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போனால் யார் வீட்டில் சோறு போடுவார்கள்?

"கடைக்காரர்கிட்டயே கேட்டேன். பரம்பரை டிசைன், ரொம்பக் காலமா ஓடுதுன்னு சொன்னார். நீ என்னன்னா சொந்த டிசைன்னு கையெழுத்துப் போட்டிருக்க."

"நான்தான் சார் வரைஞ்சேன்."

"மூக்கை மட்டும் மாத்தியிருக்க. புடவையில குருவி வாய் திறந்திருக்கு, உன்னதுல மூடியிருக்கு. காப்பியடிச்சதைவிட இதுதான் தம்பி எனக்குக் கோவமா வருது. மறைக்கிறதுக்கு மூளையைச் செலவழிச்சிருக்க."

"சார், சத்தியமா அந்தக் கடை எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது சார்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எக்ஸ்டர்னல் பேனா மூடியைத் திருகினார். அந்தப் பேனா இறங்கினால் பையன் மாகறலுக்குத் திரும்பிப் போய்க் குருவிதான் ஓட்ட வேண்டும். அதுவும் திருடன் என்ற பேரோடு.

நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மேஜையை எட்டிப் பார்த்தேன். கடைப் புடவையில் வரிசையாகக் குருவிகள், எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு. அந்தப் பிளவு எனக்குத் தெரியும். என்னைத் திட்டு வாங்க வைத்த பிளவு. ஜரிகையில் மின்னிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"சார்! அது என் மூக்கு சார்!" என்று கத்திவிட்டேன்.

தண்ணீர் மாஸ்டர் மடியில் கொட்டியது. எக்ஸ்டர்னல் என் மூக்கைப் பார்த்தார்.

"யாருய்யா இவன்?"

"சார், பேனாவை மூடுங்க சார். தோ வந்துடறேன்."

வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கேரியர், துண்டு, மச்சான் என்று வழியெல்லாம் மண்டைக்குள் ஜக்கார்ட் ஓடியது.

மச்சான் சாட்சி

ஏகாம்பரம் அட்டை அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, உன் கேரியர்ல கட்டிக்கினு வந்த துண்டுதான். அதுக்கு ஏன் மாமா இப்படி மூச்சு வாங்கற?"

அந்தத் துண்டோடு சைக்கிள் கேரியரில் அவனை உட்காரவைத்து மிதித்தேன். இஸ்திரி போட்ட சட்டை வேண்டும் என்று வழியில் ஒரு சண்டை வேறு.

நூல் துண்டை மேஜையில் வைத்தான். பிளந்த வாய் அப்படியே இருந்தது. மாஸ்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது நம்ம காலேஜ் நூலு சார். இந்தத் தப்புக்குத்தான் இவனை அன்னிக்குத் திட்டினேன்" என்றார்.

எக்ஸ்டர்னல் மச்சானைப் பார்த்தார். "அப்போ நீதான் பையனைப் பாத்துக் காப்பியடிச்சியா?"

"பின்ன? டிசைனு வானத்துலேர்ந்தா உழும்? பாத்தேன், புடிச்சுது, அட்டை அடிச்சேன். தெருவுல நெஞ்சத கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்."

"இந்த வாய்?"

"அதுதான் சார் அழகு! கதிரைப் பாத்துக் குருவி கத்துதுன்னு நெனச்சேன். அது எங்க மாமா பண்ண கோளாறுன்னு இப்பதானே தெரியுது."

அறையில் யாரும் சிரிக்கவில்லை, நான்கூட. அப்பாண்டைராஜ் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, யாரு டிசைனுன்னு கடைக்காரரு கேட்டப்ப இன்னா சொன்னீங்க?"

மச்சான் முதல் தடவையாகத் திணறினான். "அது... எங்க பாட்டன் காலத்து டிசைனுன்னேன்பா. கேரியர் துண்டுல பாத்தேன்னு சொன்னா எவன் வாங்குவான்?"

"பாத்ததுக்கு எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. காலேஜ் பையன் ஒருத்தன் வரைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நான் இங்க திருடனா நின்னுக்கினு இருக்க மாட்டேன்."

மச்சான் இஸ்திரிச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றான். மாஸ்டர் சொன்ன ஷீட்டு ஓரம் என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டிப் பார்த்ததால் யார் குடியும் கெடவில்லை. பார்த்த இடத்தைச் சொல்லாமல் "எங்களுது" என்று விட்ட ஒரு பொய், கடைக்குப் போய், மெட்ராஸ் சார் பைக்குள் ஏறி, வரைந்தவன் கழுத்துக்கே வந்துவிட்டது.

எக்ஸ்டர்னல் பேனாவைத் திறந்தார். மார்க் போட்டார். பிறகு புடவையை மடித்துக்கொண்டே, "வீட்ல இது என்ன டிசைன்னு கேப்பாங்களே, என்னப்பா சொல்றது?" என்றார்.

"மாகறல் குருவின்னு சொல்லுங்க சார்" என்றான் பையன்.

சாயங்காலமே நானும் மச்சானும் கடைக்குப் போனோம். மச்சான் வாசலிலேயே தயங்கினான். நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "ஐயா, அது எங்க பாட்டன் டிசைன் இல்ல. மாகறல் பையன் ஒருத்தன் வரைஞ்சது" என்றான். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரைக்குப் பேரே மாகறல் குருவி என்று ஆகிவிட்டது. மூக்கைச் சரிசெய்கிறேன் என்று மச்சான் சொன்னதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வாய் திறந்ததைத்தான் பெண்கள் கேட்கிறார்களாம்.

படிக்கிற பிள்ளைகளே, எதை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். எங்கே எட்டிப் பார்த்தீர்கள் என்பதை ஓரத்தில் எழுதிவிடுங்கள். கல்யாண வீட்டில் அந்தக் கரையைக் கண்டால் நானும் அப்படித்தான், கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். கதிரும் குருவியும் மாகறல் அப்பாண்டைராஜ் வரைந்தது; பிளந்த வாய் மட்டும் என்னுடையது.