முருங்கை மரத்தடியில் நெத்திலி இல்லை

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள் வேறு, அதனால் இதைச் சொன்னால் டீச்சருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நெத்திலி என்று ஒரு பூனை வளர்த்தேன். ஒன்பது வருஷம். குட்டியாக வந்தபோது அவ்வளவு மெலிசு, அதனால் அந்தப் பெயர், பிறகு நாலு கிலோ கனத்தும் பெயர் மாறவில்லை. நான் பள்ளி விட்டு வரும்போது தெருமுனையில் நிற்கும், பஸ் தாமதமானால் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்காரும். போன தை மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கட்டிய சாக்கோடு வந்து, லாரியில் அடிபட்டுவிட்டது, நீ பார்க்காதே, முகமே இல்லை என்றார். நான் பார்க்கவில்லை. முருங்கை மரத்தடியில் அவரே குழி தோண்டினார். வளர்த்த பிராணி செத்தால் உப்புப் போட்டுப் புதைப்பது எங்கள் வழக்கம், அவர் உப்பளத்தில் சூப்பர்வைசர், உப்புக்கா பஞ்சம், அரை மூட்டை கொட்டினார். நான் அழுததைப் பார்த்து அவரும் அழுதார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா?

பிறகு சித்திரையில் ஒரு லீவு நாள், நல்ல மத்தியானம், ராத்திரிகூட இல்லை. அவர் ஹாலில் நாற்காலியில் அசந்திருந்தார், நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கொல்லைக் கதவை நகத்தால் பிராண்டும் சத்தம். இரண்டு தரம், கொஞ்சம் விட்டு ஒரு தரம், நெத்திலி அப்படித்தான் பிராண்டும். திறந்தேன், எதுவும் இல்லை. திரும்பினால் தரையில் ஈரத் தடம், ஒவ்வொன்றாக விழுகிறது, நம்பினால் நம்புங்கள், தடம் விழுவதைப் பார்த்தேன், கால் மட்டும் இல்லை. ஹாலுக்குப் போய் அவர் நாற்காலிக்கடியில் நின்றது. வெயில் காலமில்லையா, சட்டென்று காய்ந்து வெள்ளையாகப் பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு.

குழியில் போட்ட உப்புதான், நாய் ஏதும் கிளறிவிட்டதோ என்று மண்வெட்டியோடு ஓடினேன். மண் கலையவே இல்லை. அப்படியும் மனசு கேட்காமல் தோண்டினேன், சாக்கில் மண்வெட்டி பட்டு ணங்கென்றது. பிரித்துப் பார்த்தால் நாலு செங்கல், அவருடைய ஒரு பழைய லுங்கி.

சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மழுப்பக்கூட இல்லை. அவர் தங்கை கைக்குழந்தையோடு வந்து தங்குவதாக இருந்தாளாம், பூனை இருந்தால் வரமாட்டேன் என்றாளாம், என்னிடம் கேட்டால் சண்டை வரும் என்று உயிரோடு கொண்டுபோய் உப்பளத்துக்கு அந்தக் கடைசியில் விட்டிருக்கிறார். தண்ணீரைத் தாண்டி விட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கொன்றால்தான் பாவம், விட்டால் பாவமில்லை.

"நான் கொல்லல, ஏளா. விட்டுட்டுத்தான் வந்தேன். மூணு நாள் கழிச்சு போய்ப் பாத்தேன், வரப்புல செத்துக் கெடந்துச்சு" என்றார்.

மூன்று மாதம் செங்கல்லுக்குப் பூ வைத்திருக்கிறேன். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். நெத்திலி என்னைத் தவிர யார் கைக்கும் அடங்காது, பிறகு எப்படிச் சாக்குக்குள் போனது?

அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒன் நைட்டிய உள்ள போட்டேன். நீ இருக்கன்னு நெனச்சு தானா போயிட்டு."

இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேச்சு மருந்துக்குத்தான். தடம் மாதத்தில் ஒன்றிரண்டு மத்தியானம் இப்போதும் விழுகிறது. அவர் நாற்காலிக்கடியில் சுருண்டு படுக்கும் போல, அங்கே உப்பு வட்டமாகக் காய்ந்திருக்கும். அவரை மன்னித்துவிட்டது. நைட்டிகளை எல்லாம் எரித்துவிட்டு நான் சேலைதான் கட்டுகிறேன். தரையில் உட்கார்ந்து நெத்திலி, நெத்திலி என்று கூப்பிட்டால் என் பக்கம் நாலு எட்டு வரும், முந்தானை ஓரம் வந்ததும் நிற்கும். பிறகு திரும்பி நடக்காது, தடத்தின் விரல்கள் என்னையே பார்த்திருக்க, பின்புறமாகவே நகர்ந்து போகும். எனக்கு முதுகைக் காட்டப் பயப்படுகிறது.