அம்மா தோற்று வாங்கிய ஃப்ரிட்ஜ்

எங்கள் தெருவில் மிக்ஸி வாங்க நினைக்கிறவர்கள், பணம் சேர்வதற்கு முன்னாலேயே என் அத்தையிடம் சொல்லிவைத்துவிடுவார்கள். பணம் எப்படியும் சேர்ந்துவிடும். அத்தைக்கு ஒழிவு கிடைப்பதுதான் கஷ்டம்.

மலையாளம் பேசும் கரமனையில் அக்கிரகாரத் தெருக்களைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கினால் எங்கள் தெரு. எல்லாம் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஆண்கள் சாலைக் கடைத்தெருவில் அரிசி எடை போட்டார்கள். பெண்கள் வீட்டிலிருந்தபடி அந்த ஆண்களை எடை போட்டார்கள். என் அப்பா ஓர் அரிசி மண்டியில் கணக்கப்பிள்ளை.

அத்தை அவருடைய தங்கை. மாமா பம்பாயில் வேலை என்று கிளம்பிப் போனவர், போனவர்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்துகொண்டு அத்தை சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "நான் இப்பதான் சாப்பிட்டேன்" என்பாள். அவள் எப்போது சமைத்தாள், எப்போது சாப்பிட்டாள் என்று எனக்கு வியப்பாக இருக்கும். பத்து வயதில் எனக்கு அவ்வளவுதான் மூளை. பிற்பாடும் அது பெரிதாக வளர்ந்துவிடவில்லை. எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். பிறகு சீக்கிரமே கல்யாணம், பிள்ளை. என் மகளும் அதே அவசரத்தில் போனதால், தலை நரைக்கும் முன்பே என்னைப் பாட்டி என்று கூப்பிட ஓர் ஆள் வந்துவிட்டாள். ஆகவே எழுத்தில் தப்பிருந்தால் பள்ளிக்கூடத்தைப் பிடியுங்கள், விஷயத்தில் தப்பிருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

அத்தை கடைக்குள் நுழைகிற அழகே தனி. வேண்டியது சின்ன மிக்ஸி என்றால் பெரிய கிரைண்டரின் விலையைக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். பிறகு, போனால் போகிறது என்பது மாதிரி மிக்ஸியின் பக்கம் திரும்புவாள். சுவிட்சைப் போடச் சொல்லி, காதைக் கொடுத்து, முகத்தைச் சுளிப்பாள். எந்த மிக்ஸியானாலும் சுளிப்பாள். கடைசி ஆயுதம் எழுந்து நடப்பது. மணிபர்ஸை டிக்கென்று மூடி, வாசலைப் பார்த்து, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் ஒரு நடை. படி தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். "சேச்சி, ஒந்நு நில்லு" என்று, அக்காவைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து குரல் வந்த பிறகும் அத்தை உடனே திரும்ப மாட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட வேண்டும்.

இந்த வித்தையை அவள் என் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினால் நான் "எனக்குப் பிடிக்கலம்மா, வா போவோம்" என்று சிணுங்க வேண்டும். நன்றாகவே சிணுங்குவேன். கிள்ளு உண்மையாகவே வலிக்கும்.

கிழக்கேகோட்டைப் பக்கம் இருந்த ஒரு பெரிய கடையின் முதலாளிதான் அத்தையிடம் அதிகம் அடிபட்டவர். ஓணத்துக்கு முந்தின மாதம், யாருக்கோ அயர்ன் பாக்ஸ் வாங்கப் போன இடத்தில் அவர் கும்பிட்டுவிட்டார். "நிங்ஙள் அந்தப் பக்கம் நின்னது மதி, போதும். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, சம்பளம் தாறேன்" என்றார். ஓணம் முடியும் வரை பரிசோதனை. நன்றாக விற்றால் பிறகும் வேலை உண்டு.

அத்தை போனாள். முதல் வாரமே எங்கள் தெருக்காரி ஒருத்தி போய் அழாத குறையாக நின்றதில் மனம் இளகி, ஸ்டெபிலைசரை இலவசமாகக் கொடுத்துவிட்டாள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னொரு தடவ தெருக்காரி, சொந்தக்காரின்னு கை எளகினா அன்னைக்கே வீட்டுக்குப் போயிரணுமாம் மைனி" என்று அத்தை அம்மாவிடம் வந்து சொன்னாள். அண்ணன் மனைவியை மைனி என்பதுதான் எங்கள் பக்கத்து முறை.

"அவன் கெடக்கான். ஒன்னை மாரி ஆளு அவனுக்கு எங்க கிட்டும்?" என்றாள் அம்மா.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஓண போனஸ் கொஞ்சம் கனமாக வந்தது. ஃப்ரிட்ஜ் வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தக் கடை என்ற கேள்வியே எழவில்லை.

"எந் தங்கச்சி நிக்கா இல்லியா? ஆயிரம் ரூவா கொறைக்காம வீட்டுக்கு வராதே" என்று சொல்லி அம்மாவையும் என்னையும் பஸ் ஏற்றிவிட்டார் அப்பா. அம்மாவுக்கும் உள்ளூர ஆசைதான். இத்தனை நாள் குருவின் பின்னால் கூடை தூக்கி நடந்தவள், இன்றைக்குத் தானே முன்னால் போகிறாள். வீட்டு ஆளுக்கு எப்படியும் விட்டுக்கொடுப்பாள் என்ற தைரியம் வேறு.

கடையில் கலர் காகிதமும் கூட்டமுமாக இருந்தது. கடுகு நிறச் சேலையில் அத்தையைப் பார்த்ததும் நான் "அத்தே!" என்று கத்திவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உயர நாற்காலியில் இருந்த முதலாளியின் தலை சட்டென்று எழுந்தது.

அத்தை எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "வரணும் மேடம், எந்தா வேண்டது?" என்றாள்.

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"எட்டி, நாந்தான்."

"அறியாம், தெரியும் மேடம். ஃப்ரிட்ஜ் தானே? இரிக்கணும்."

வீட்டில் தமிழில் என்னைத் திட்டுகிற அத்தை, என் அம்மாவையே மேடம் என்று மலையாளத்தில் உட்காரச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, பாடத்தின்படி இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைக் காட்டி விலை கேட்டாள்.

"அது மேடத்துக்கு வேண்டாம். மேடம் வந்தது இதுக்கு" என்று அத்தை நேராகச் சின்ன சிவப்பு ஃப்ரிட்ஜின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அம்மா கதவைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஒரு மாரி நாத்தமா இருக்கு."

"புதுச் சேலைக்கும் மணம் உண்டு மேடம். அதுக்காக வெல கொறச்சா வாங்குகீங்க?"

"ரோட்டுக்கு அங்கிட்டு இருக்க கடையில ஐந்நூறு கொறச்சுத் தாறான்."

"அங்க வாங்கியிருக்கலாமே. இந்த வெயில்ல ரோட்டக் கடந்து வந்து எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லணும்?"

"செரி, ஸ்டெபிலைசராவது சும்மா தா."

"அதுக்குத் தனி வெல மேடம்."

அம்மா எடுத்த எந்த ஆயுதமும் அத்தை செய்து கொடுத்ததுதானே! எது எங்கே முனை மழுங்கும் என்று செய்தவளுக்குத் தெரியாதா? அம்மாவின் கை என் தொடைக்கு வந்தது. நான் வாயைத் திறந்து, "எனக்குப் பிடிக்கல..." என்று தொடங்கினேன். அத்தை என் முகத்துக்கு நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. கதவைச் சாத்தினாள், திறந்தாள். மறுபடி எரிந்தது.

"அம்மா! வெளக்கு எரியுது! தானா எரியுது!" என்று நான் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எட்டி, வெளையாடாதே. ஒங்க அண்ணன் ஆயிரம் ரூவா கொறைக்காம வராதேன்னு சொல்லி விட்டிருக்காரு."

அத்தை குனிந்து, தூசியே இல்லாத ஃப்ரிட்ஜின் தலையை அழுத்தித் துடைத்தாள். பிறகு கடைக்கே கேட்கும்படி, "அவர்கிட்ட சொல்லிருங்க மேடம், இங்க அண்ணன் தங்கச்சின்னு தனி வெல கெடையாது" என்றாள்.

பக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் சிரித்தது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மணிபர்ஸை டிக்கென்று மூடினாள். "வாட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

நல்ல நடை. அத்தையே குறை சொல்ல முடியாது. வரிசையாக நின்ற வாஷிங் மெஷின்களைத் தாண்டினோம், ஃபேன்களின் காற்றைத் தாண்டினோம். என் காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. இப்போது கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. வாசலில் கனமான கண்ணாடிக் கதவு. அதில் ஓணத்து ராஜாவான மாவேலித் தம்புரானின் படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அவருடைய தொப்பைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் இருந்த கடை தெரிந்தது.

முதலாளி நாற்காலியை விட்டு இறங்கி வந்து, கைகட்டிக்கொண்டு அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அத்தையின் வாய் ஒரு தடவை திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஒரு கையால் அந்தச் சிவப்பு ஃப்ரிட்ஜின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள்போல, அவ்வளவு பெரிய பெட்டியை யார் தூக்குவார்கள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அம்மா கதவில் கைவைத்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே இருந்து வந்த ஒருவருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். அப்புறம், யாரும் கூப்பிடாமலே, திரும்பினாள்.

என் மானம் போயிற்று. கூப்பிடாமல் திரும்புவதா! அத்தையின் பாடத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஃபேன்களையும் வாஷிங் மெஷின்களையும் மறுபடி கடந்து, அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"தோத்தேன் தாயே" என்றாள் உரக்க. "ஒரு பைசா எளக மாட்டேங்கியே, நீ மனுசியா கல்லா? பில்லப் போடு. ஸ்டெபிலைசரையும் சேத்துப் போடு."

பில் எழுதும்போது அத்தை அம்மாவின் பேரையே தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளிதான் வாயெல்லாம் பல்லாக, "சொந்த அண்ணன் பாரியைக்கும் ஒரு பைசா விட்டில்லல்லோ! ஓணம் கழிஞ்ஞாலும் சேச்சி இவிடெத்தன்னெ" என்று, ஓணத்துக்குப் பிறகும் வேலை அங்கேயேதான் என்பதை உறுதியாகச் சொன்னார். எல்லோருக்கும் கொடுக்கிற ஓணப் பரிசு என்று ஒரு பிளாஸ்டிக் வாளியை எங்களிடம் தந்தார். ஃப்ரிட்ஜ் சாயங்காலம் வண்டியில் வரும் என்றார்.

வாளியைப் பார்த்ததும் அப்பா, "ஆயிரம் ரூவா கேட்டு அனுப்பினா வாளியோட வந்து நிக்கா" என்று தலையில் கைவைத்தார். ஆனால் நடந்ததைக் கேட்கக் கேட்க அவருக்கே பெருமை தாங்கவில்லை. "எந் தங்கச்சிகிட்ட பேசி ஜெயிக்க ஆளு உண்டா?" அன்று தொடங்கி, வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்னால் இந்தக் கதையைக் கொடுத்தார். அம்மா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. "ஆமா பின்ன, அவ சாமர்த்தியம் எனக்கு வருமா?" என்று ஐஸ் தண்ணீரை எடுக்கப் போய்விடுவாள்.

அத்தை அந்தக் கடையில் வெகுகாலம் இருந்தாள். எங்கள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவளுக்கு என்று ஆயிற்று. அவள் மாவு, அவள் மோர், அவள் காசில் வாங்கிய மீன். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, நேரே உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தாள். "மேடம், ஒங்க மாவு பொங்கி ஒழுகுது, என் தட்டெல்லாம் நாசம்" என்று அம்மா கத்துவாள். "தொடச்சிரு மைனி, அதுக்குத் தனி வெல இல்ல" என்பாள் அத்தை. இரண்டு பேரும் சிரிப்பார்கள். இதில் என்ன சிரிப்பு என்று நான் முழிப்பேன்.

எனக்குக் கல்யாணமாகி, எனக்கும் ஒரு நாத்தனார் வாய்த்து, அவளோடு சண்டைபோட்டுச் சண்டைபோட்டு ஒட்டிப்போன பிறகுதான் அந்தக் கண்ணாடியில் அம்மா என்ன பார்த்தாள் என்பது எனக்கு உறைத்தது. அத்தை கூப்பிட்டிருந்தால், கை இளகிவிட்டது என்று வேலை போயிருக்கும். கூப்பிடாமல் நாங்கள் படி இறங்கியிருந்தால், சொந்தக்காரியையே நிறுத்தத் தெரியவில்லை என்று போயிருக்கும். மிச்சமிருந்த ஒரே வழி அம்மாவின் காலில் இருந்தது. பேரத்தைச் சத்தம்போட்டு, நாலு பேர் பார்க்க, முதலாளியின் காதில் விழுகிற மாதிரி தோற்றுக்கொடுத்தாள் என் அம்மா. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்டிருப்பாரே!

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கோபம் கோபமாக வந்தது.

"ஏம்மா திரும்பிப் போனே? அத்தை கூப்பிடவே இல்லியே?"

அம்மா வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"மழ வந்திரும்னு தோணிச்சு மக்ளே. நனஞ்சிட்டு இனி எந்தக் கடைக்குப் போக?"

நான் அண்ணாந்து பார்த்தேன். கோட்டைச் சுவருக்கு மேலே வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு துண்டு மேகம் கிடையாது. பேரம்தான் பேசத் தெரியாது என்று நினைத்தால், வானத்தைப் பார்க்கக்கூடத் தெரியவில்லையே இந்த அம்மாவுக்கு என்று எனக்கு ரொம்பப் பாவமாகப் போய்விட்டது. வாளியை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.