அம்மாவின் இரண்டாவது படம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூர், ஓசூர், சூரத் என்று வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் பஸ்ஸும் ரயிலும் ஏறியிருக்கிறேன். ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மானகிரியிலிருந்து முதன்முதலாக மதுரைக்குப் போன நாளின் குஷி அப்புறம் எந்தப் பயணத்திலும் வரவில்லை.

அதற்கு முன்பு சாக்கோட்டையில் நடந்த மருத்துவ முகாமில் அம்மாவுக்கு மேமோகிராம் எடுத்திருந்தார்கள். இடது மார்பில் ஓரிடத்தில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிகிறது, மதுரையில் மறுபடி எடுத்துப் பாருங்கள் என்றார்கள். அறுப்பு முடியட்டும் என்றாள் அம்மா. பெரியம்மா விடவில்லை. "நெல்லு எங்குட்டும் ஓடிறாதுடி, கிளம்பு." அப்பா துபாயில் இருந்தார். பெரியம்மாவும் கூடக் கிளம்பியதில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் எனக்கும் மதுரை வாய்த்தது.

கிளம்புகிற அன்று விடிந்ததும் பெரியம்மா அம்மன் கோயிலிலிருந்து ஒரு கை திருநீறு கொண்டுவந்தாள். வேண்டிக்கொண்டே அம்மாவின் ரவிக்கைக்குள் கைவிட்டு அப்பினாள். வேர்வையில் அது சுண்ணாம்பு பூசியதுபோல் பிடித்துக்கொண்டது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோர சீட்டு. திருப்பத்தூர் தாண்டியதும் வாந்தி எடுத்தேன்; அதுகூட எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற அக்கா முகம் வெளுத்து வெளியே வந்தார். முகாமில் எடுத்த படத்தில் ஓரிடத்தில்தான் இருந்தது, இப்போது மார்பு முழுக்க இருக்கிறது என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பவுடர் எதுவும் போட்டிருக்காங்களா?"

"பவுடரா? போடக்கூடாதுன்னு சொன்னீக, தொடவே இல்லையே!" என்றாள் பெரியம்மா ரோஷமாக.

"பெரியம்மாதான் உள்ள திருநீறு பூசுனாக!" என்று நான் கத்தினேன். பதில் தெரிந்த பிள்ளையின் பெருமை எனக்கு.

அந்த அக்கா தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டார். சாம்பலும் படத்தில் வெள்ளையாகத்தான் விழுமாம். அம்மாவைக் கழுவிவரச் சொல்லி மறுபடி எடுத்தார். "ஆத்தா படத்துக்குள்ளயே வந்து நின்னுட்டாளே!" என்று பெரியம்மா கண்ணில் நீர்வரச் சிரித்தாள்.

புதிதாக வந்தவை எல்லாம் போயிருந்தன. முதலில் இருந்தது மட்டும் போகவில்லை.

அது கெட்டதுதான். சின்னதாக இருந்தபோதே வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றிய மாதங்களில் முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. இன்றைக்கும் நான் போன் செய்யாவிட்டால் அம்மா திட்டுகிறாள். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வாருங்கள், ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர்.

மறுபடியும் மதுரையா! நாற்காலியிலிருந்து குதித்துக் கைதட்டினேன். பெரியம்மா குட்டுவதற்குக் கை ஓங்கினாள்.

"விடுங்கக்கா, அவளாச்சும் சந்தோசமா வரட்டும்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. வலிக்குது என்று உதறிவிட்டு, லிஃப்ட் பட்டனை அமுக்க ஓடினேன்.