சுவரில் தூக்கிய கை

ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பரிசல் துறைக்கு இறங்கும் வழியில் ஒரு நீளச் சுவர் உண்டு. போன மாசி வரைக்கும் அதில் கட்சிக்காரர்களும் மூல வைத்தியரும்தான் குடியிருந்தார்கள். அவர்களையெல்லாம் வெள்ளையடித்துக் காலி செய்துவிட்டு, துறையில் பாடுபடுகிறவர்களின் முகங்களை வரைய நல்லம்பள்ளியிலிருந்து அறிவழகன் என்ற டிராயிங் வாத்தியார் வந்தார். மூன்று வாரத்தில் பரிசல்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், வலை வீசுகிறவர்கள் என்று சுவர் நிரம்பிவிட்டது. கடைசி ஆளாக, ஒரு கையில் கரண்டியோடு மறு கையைத் தூக்கிக் கூப்பிட்டபடி மீன் வறுவல் கடைச் செல்லி நின்றாள்.

அச்சு அசல் அவளேதான். துறையே மெச்சியது. வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். செல்லி மட்டும் அந்தக் கை இருந்த பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

நாற்பத்தாறு வயதில் பாதிக்கு மேல் அவள் அந்த அடுப்பங்கரையில்தான் கழித்திருந்தாள். அந்தத் தொழிலுக்கு ஒரு முறை இருக்கிறது. வருகிறவர்கள் மீனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பரிசலில் போவார்கள். திரும்பி வரும்போது மீன் வறுபட்டுத் தயாராக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பரிசல் பிடித்துக் கொடுப்பதும் கடைக்காரி வேலைதான். செல்லிக்கு அதில் சிரமமே இல்லை, புருஷன் மாதுவே பரிசல்காரன். தண்ணீர் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அவள் கரையில் நின்று கையைத் தூக்குவாள், அவன் வந்துவிடுவான்.

நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் மட்டும் அவன் வரவில்லை. வெள்ளம் வருகிற அடையாளமாகத் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினான். கடையில் நாலு பேர் மீன் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். பரிசல் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம் என்றார்கள். செல்லி மறுபடியும் கையைத் தூக்கினாள். மூன்றாவது தடவை தூக்கியபோது அவன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான். மற்றப் பரிசல்காரர்களெல்லாம் கீழே தொலைவில் பரிசல்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள், துறைக்காரர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை.

பரிசல் கவிழ்ந்தது. போன நாலு பேரையும் அந்தப் பரிசல்காரர்கள்தான் உயிரோடு இழுத்துப் போட்டார்கள். மாதுவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. கர்நாடகக் கரையில் எங்காவது ஏறியிருப்பான், புத்தி பேதலித்துத் திரிகிறான் என்று செல்லி சொல்லிக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. ஊரும் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த விபத்தால் இரண்டு மாதம் பரிசல் ஓடாமல் கிடந்ததை ஊர் மறக்கவும் இல்லை. பேராசை பிடித்தவன், எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டுப் போய்விட்டான் என்று டீக்கடையில் பேசுவார்கள். செல்லி மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

சுவரில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருக்க, மாது மட்டும் இல்லாதது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய போட்டோவைக் கொண்டுபோய், அவனையும் வரையச் சொல்லி அறிவழகனிடம் கேட்டாள். அவருக்குச் சம்மதம். பரிசல்காரர்கள்தான் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். மாதுவின் கூடப்பிறந்த தம்பி கோவிந்தனே குறுக்கே நின்றான்.

“எனக்கு அண்ணன்தாங்க அண்ணி, இல்லைங்கல. ஆனா பேராசைல போனவன் மூஞ்சியப் பாத்துட்டு நாங்க தெனமும் தண்ணியில எறங்கறதுங்களா?”

செல்லி போட்டோவை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னால் அவன் பேர் மீளும். ஆனால் சொல்லும்போதே அவன் செத்துவிட்டான் என்றும் ஆகிவிடும், அனுப்பி வைத்தது தான்தான் என்றும் ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் பயந்துதான் அவள் நாலு வருஷமாகப் புருஷன் பேரைச் சந்தி சிரிக்க விட்டிருந்தாள். தன்னை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சுவரின் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பரிசல்காரர்களெல்லாம் சுவர்முன் கூடிநின்று அவனவன் மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று வாத்தியாரைப் படுத்திக்கொண்டிருந்தார்கள். செல்லி எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அங்கே வந்தாள்.

“அவரு பேராசைல போவலைங்க. மாட்டேன்னுதான் தலையாட்டுனாரு. நாந்தான் கையத் தூக்கித் தூக்கிக் கூப்புட்டேன். மூணு தடவ.”

கோவிந்தன் சுவரில் இருந்த கையைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செல்லி அறிவழகனிடம் திரும்பினாள். “அந்தக் கையத்தான் வரைஞ்சு வெச்சிருக்கீங்க சார். என்னை அழிச்சுடுங்க. அந்த எடத்துல அவர வைங்க.”

வாத்தியார் தயங்கி மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். கோவிந்தன் எழுந்தான். வெள்ளைப் பெயிண்ட் வாளியைத் தூக்கிவந்து வாத்தியாரின் காலடியில் வைத்தான். அவளைத் திரும்பிப் பார்க்காமலே துறைக்கு இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலையில் சுவரில் செல்லி நின்ற இடம் வெள்ளையாக இருந்தது. அவள் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள். முன்பு காட்டிய அதே போட்டோதான். இப்போது அதில் மாதுவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பொட்டையும் சேர்த்து வரையவா என்று கேட்க அறிவழகன் நிமிர்ந்தார். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும் கேட்காமல் போட்டோவை வாங்கிக்கொண்டார்.